ஆடும் இருக்கைக்கு எந்த வயர், எந்தக் கனெக்டர்? வீட்டில் மோஷன் சிமுலேட்டர் செய்யத் தொடங்குபவர்களுக்கு

திரையில் வண்டி பிரேக் அடித்தால் இருக்கை முன்னால் சாய வேண்டும், வளைவில் திரும்பினால் ஒருக்களிக்க வேண்டும். இந்த ஆசையில் வீட்டிலேயே மோஷன் சிமுலேட்டர் செய்ய இறங்குபவர்கள் மோட்டாரைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். இரும்புச் சட்டத்துக்கு அழகாக வரைபடம் போடுகிறார்கள். வயர் என்று வந்தால் மட்டும் பரணில் கிடந்ததை எடுத்து முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். நானும் அக்கா மகனும் பள்ளத்தூர் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் எங்கள் முதல் இருக்கையைச் செய்தபோது அப்படித்தான் தொடங்கினோம். அதில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை மோட்டாரிலும் இல்லை, புரோகிராமிலும் இல்லை. வயரும் வயரும் சேரும் இடத்தில், வயரும் திருகும் சேரும் இடத்தில் இருந்தன.

சிமுலேட்டர் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும் பொருள். வீட்டு ஸ்விட்ச் போர்டில் முப்பது வருடம் அசையாமல் இருக்கும் திருகு இங்கே மூன்று நாளில் தளரும். அதனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஓட்டத்தின் நடுவில் இது கழன்றால் என்ன ஆகும்? இருக்கை சும்மா நின்றுவிடுமா, வயர் உருகுமா, உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தூக்கி எறியுமா? அந்தப் பதில்தான் எந்த வயர், எந்தக் கனெக்டர் என்பதைச் சொல்லும்.

நான் மனதில் வைத்து எழுதுவது, புதிதாகச் செய்பவர்கள் எடுத்துக்கொள்ளும் எளிய வடிவம். காரில் வரும் 12 வோல்ட் வைப்பர் மோட்டார் இரண்டு, அவற்றை இரு பக்கமும் சுற்றவைக்கும் டிரைவர் போர்டு இரண்டு, புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்னப் போர்டு ஒன்று, இருக்கையின் கோணத்தைச் சொல்லும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் ஒரு எஸ்எம்பிஎஸ். 24 வோல்ட் மோட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது. அதே வேலைக்குக் கரண்ட் பாதியாகிவிடும்.

மோட்டார் எவ்வளவு இழுக்கும்?

வைப்பர் மோட்டார் சும்மா சுற்றும்போது சில ஆம்பியர்தான் இழுக்கும். அதைப் பார்த்து வயர் வாங்கினால் தவறு. சுமையால் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் அச்சு) நின்றுபோனால் அது இழுக்கும் கரண்ட் பல மடங்கு. அதை ஸ்டால் கரண்ட் என்பார்கள். இருக்கையில் 70 கிலோ ஆள் உட்கார்ந்து, ஒரு நொடிக்குள் முன்னும் பின்னும் தள்ளும்போது மோட்டார் அடிக்கடி அந்த எல்லையை எட்டிப் பார்க்கும். வேகமாகச் சுற்றும் மோட்டாரைத் திடீரென்று எதிர்த்திசைக்குத் திருப்பினால் ஒரு கணம் ஸ்டால் கரண்டையும் தாண்டும். காரில் வைப்பர் மோட்டாருக்கு இந்தப் பாடு கிடையாது, அது ஒரே திசையில் சுற்றும். சிமுலேட்டரில் திசை மாற்றுவதே வேலை.

ஸ்டால் கரண்டைக் கண்டுபிடிக்க மோட்டாரைப் பிடித்து நிறுத்தி மீட்டர் வைக்க வேண்டாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனையில் அதைச் செய்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். கரண்டைக் கட்டுப்படுத்தும் சிறு பவர் சப்ளை இருந்தால், ஷாஃப்ட் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் 1 ஆம்பியர் மட்டும் விடுங்கள். மோட்டார் முனைகளில் எத்தனை வோல்ட் காட்டுகிறதோ அத்தனை ஓம். அரை வோல்ட் காட்டினால் அரை ஓம். 12 வோல்ட்டை அரை ஓமால் வகுத்தால் 24 ஆம்பியர். ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த ஓமை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே வரும் கணக்குக்கு 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்கிறேன். டிரைவர் போர்டில் 43 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் சில்லு கரண்டைத் தடுக்கத் தொடங்கும் எல்லை. சூட்டை இறக்க வைத்திருக்கும் அந்தச் சின்ன ஹீட் சிங்கோடு நாள் முழுக்கத் தாங்கும் அளவு அல்ல.

வயரின் பருமன்

நம் கடைகளில் வயரை ஸ்கொயர் கணக்கில் கேட்போம்: ஒன்னரை, ரெண்டரை, நாலு, ஆறு. அது செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இழை இழையாக இருக்கும் ஃப்ளெக்சிபிள் வயருக்கு ஒரு மீட்டரின் தடை தோராயமாக இப்படி: 1.5 ஸ்கொயருக்கு 13.3 மில்லி ஓம், 2.5க்கு 8, 4க்கு 5, 6க்கு 3.3.

டிரைவர் போர்டிலிருந்து மோட்டார் 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் கணக்குக்கு 4 மீட்டர். போகும் வயரோடு வரும் வயரும் சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.5 ஸ்கொயரில் 25 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ட் போய்விடும், வயர் மட்டும் 33 வாட் சூடாகும். 2.5இல் 0.8 வோல்ட் இழப்பு. 4இல் அரை வோல்ட். 12 வோல்ட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வயரில் இழக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு, அதாவது 0.6 வோல்ட். அப்படிப் பார்த்தால் 4 ஸ்கொயர் வேண்டும்.

ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. டிரைவர் போர்டை மோட்டாருக்குப் பக்கத்தில் 1 மீட்டருக்குள் கொண்டுவந்தால் 2.5 ஸ்கொயரே போதும், இழப்பு 0.4 வோல்ட்தான். தடித்த வயர் வாங்குவதைவிட வயரைக் குட்டையாக்குவது எப்போதும் மலிவு.

வயர் குறைந்தால் தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். அது ஒரு பக்கம். அதற்கு முன்னாலேயே வேறொன்று தெரியும்: இருக்கை சோம்பலாகிவிடும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் வேகம் இறங்கும், அதுவும் சரியாக நீங்கள் அதிக விசை கேட்கும் நொடியில். புரோகிராமில் எண்களை மாற்றி மாற்றிச் சலித்துப்போன பையன்கள் சிலரிடம் வயரை மாற்றச் சொன்னேன். இருக்கை உயிர் பெற்றது.

ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. சித்திரையில் காரைக்குடி 40 டிகிரியைத் தொடும்போது மிச்சம் இருப்பது 30 டிகிரிதான். அதிலும் நாலைந்து வயரை ஒரே கட்டாகக் கட்டினால் ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு என்பதையும் நினைவில் வைத்தால், ஒரு அளவு கூடுதலாக வாங்குவது வீண் செலவாகத் தெரியாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, “நாலு ஸ்கொயர், ஃப்ளெக்சிபிள், முழுச் செம்பு” என்று கேளுங்கள். உறையின் மேல் ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் அச்சாகியிருக்க வேண்டும். பிவிசி உறை போட்ட வயருக்கான இந்தியத் தரநிலை அது. ஒற்றைக் கம்பி வயர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. சுவருக்குள் படுத்திருக்கத்தான் அது லாயக்கு. நாலு நாள் மடங்கி நிமிர்ந்தால் உறைக்குள்ளேயே ஒடிந்துவிடும், வெளியே தெரியவும் தெரியாது.

அப்புறம், துண்டு வயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, முனையை உரித்து, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே சிவப்புத்தான். வெள்ளையாக மின்னினால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்தது. ஒரு கவனம்: ஈயப்பூச்சு கொடுத்த நல்ல செம்பு வயர் வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும், அதைத் தள்ளிவிடாதீர்கள். அலுமினியம் செம்பின் கடத்துதிறனில் 60 சதவீதம் சொச்சம்தான் தரும், அதனால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்த்துப்போகும். அதைவிட மோசம், அலுமினியமும் செம்பும் பித்தளையும் தொடும் இடத்தில் ஈரக்காற்று பட்டால் அரிப்பு தொடங்கும். அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் காலங்காலமாக ஆராயும் விஷயங்களில் இந்த அரிமானமும் ஒன்று. சிக்ரி வாசலைக் கடந்துபோகும் ஊர்க்காரர்கள் நாம், அந்த வயரை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது.

இணையத்தில் வாங்கும் சிலிக்கான் வயர் கயிறு மாதிரி வளையும், சூடும் நன்றாகத் தாங்கும். அது கேஜ் கணக்கில் வரும்: எண் குறையக் குறையப் பருமன் கூடும். 14 கேஜ் என்றால் ஏறக்குறைய 2.1 ஸ்கொயர், 12 என்றால் 3.3, 10 என்றால் 5.3. ஒரே குறை, அதன் உறை மிருதுவானது. இரும்புச் சட்டத்தின் வெட்டு விளிம்பில் உரசினால் கத்தரிக்காய் தோல் மாதிரிக் கிழியும். விளிம்பு வரும் இடமெல்லாம் ஸ்லீவ் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. டிசி பக்கம் பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு. வீட்டு லைனில் கறுப்பு நியூட்ரல், சிவப்பு பேஸ் என்பதால், 230 வோல்ட் வரும் வயரையும் 12 வோல்ட் வயரையும் ஒரே குழாய்க்குள் விடாதீர்கள். பச்சை எர்த்துக்கு மட்டும்.

கனெக்டர்: எங்கள் முதல் பாடம்

வைப்பர் மோட்டாரில் தட்டையான பித்தளை நாக்கு இருக்கும், அதில் ஸ்பேடு கனெக்டரைச் செருகுவது வழக்கம். நாங்களும் செருகினோம். மூன்றாம் நாள் அரை மணி நேரம் ஓட்டியபின் முற்றத்துப் பக்கம் வரை உருகிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. மோட்டார் சூடாகிவிட்டது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புத்தான். விரலை இரண்டு அங்குலம் தள்ளி ஸ்பேடின் மேல் வைத்தேன், வைக்க முடியவில்லை. ஆறவிட்டுக் கழற்றியபோது பித்தளையின் மஞ்சள் போய் நீலம் ஓடிய பழுப்பு ஏறியிருந்தது. நாக்கைக் கவ்வவேண்டிய இரண்டு மடிப்புகளும் தளர்ந்து வாய் பிளந்திருந்தன.

காரணம் எளிது. பிடி தளர்ந்தால் தொடும் இடத்தில் தடை ஏறும். வெறும் 0.05 ஓம் ஏறினாலும், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 11 வாட் சூடு பிறக்கும். கொசுவிரட்டி திரவத்தைச் சூடாக்கும் மின்கருவி ஏறக்குறைய 5 வாட். அப்படி இரண்டை ஒரு கடலைப்பருப்பு அளவு இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? சூட்டால் ஸ்பேடின் விறைப்பு இன்னும் போகும், விறைப்பு போனால் தடை இன்னும் ஏறும். இந்தச் சுழல் தொடங்கினால் நிற்காது.

அதற்குப் பிறகு நாங்கள் மோட்டாரில் செருகும் கனெக்டரே வைப்பதில்லை. மோட்டாரிலிருந்து வரும் வயரில் ஒரு சாண் விட்டு எக்ஸ்டி-60 கனெக்டரைப் பற்றவைக்கிறோம். மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் பேட்டரிக்குப் பயன்படுத்தும் மஞ்சள் கனெக்டர் அது. இறுக்கமாகக் கவ்வும், பிளஸ் மைனஸ் மாற்றிச் செருக முடியாது. பெயரில் 60 இருந்தாலும் தொடர்ந்து 30 ஆம்பியர் வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும் என்றால் எக்ஸ்டி-90. மின்சாரம் வரும் பக்கத்துக்கு எப்போதும் ஊசி வெளியே தெரியாத பாதியை வையுங்கள். கழற்றிப் போட்டபோது சட்டத்தில் பட்டால் பொறி பறக்கக்கூடாது.

பற்றவைக்கும்போது எதிர்ப்பாதியைச் செருகி வைத்துக்கொண்டே செய்யுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்துவிடும். 25 வாட் அயர்ன் 4 ஸ்கொயர் வயருக்குப் போதாது, 60 வாட்டாவது வேண்டும். ஈயம் உருகிக் குழிக்குள் கண்ணாடி மாதிரிப் பரவ வேண்டும். சாம்பல் நிறத்தில் சுருங்கி நின்றால் மறுபடி செய்யுங்கள். சூடு காட்டினால் சுருங்கி மூடும் ஷ்ரிங்க் ட்யூபை வயரில் முதலில் கோத்துவிட்டுப் பற்றவையுங்கள்.

எஸ்எம்பிஎஸ், டிரைவர் போர்டு போன்ற திருகு முனைகளில் கதை வேறு. அங்கே வயர் நுனிக்கு ஈயம் பூசி முறுக்கும் பழக்கம் நம் ஊரில் ரொம்பப் பேருக்கு உண்டு. அது இறுக்கமாகத் தோன்றும். ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம், திருகின் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் நசுங்கி ஒதுங்கும், பிடி தானாகத் தளரும். ஈயம் ஏறிய இடம் விறைத்து நிற்பதால் நடுக்கத்தில் அதன் ஓரத்திலேயே இழைகள் ஒடியும். திருகு முனைக்கு, வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் ரிங் லக் போடுங்கள். வட்டமாக இருப்பதால் திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் நழுவி வெளியே வராது. துளைக்குள் செருகி முறுக்கும் வகை என்றால் ஃபெரூல் எனப்படும் சின்னக் குழல் போட்டுச் செருகுங்கள்.

லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவது லக் போடாததற்குச் சமம். ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் வாங்குங்கள், முழுதாக அழுத்தி முடிக்காமல் அது கையை விடாது. நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். உரிக்கும்போது ஓர் இழையும் அறுபடக்கூடாது. அறுபட்டால் வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். நசுக்கியபின் லக்கை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுங்கள். கழன்று வந்தால் இப்போதே வந்தது நல்லது.

மெல்லிய வயர்தான் ஆளைத் தூக்கி எறியும்

மோட்டார் வயர் கழன்றால் என்ன ஆகும்? இருக்கை நின்றுவிடும். பொட்டென்ஷியோமீட்டரின் வயர் கழன்றால்? இருக்கை எங்கே இருக்கிறது என்று ஆர்டுயினோவுக்குத் தெரியாமல் போகும். எங்கோ பின்னால் கிடக்கிறது என்று எண்ணி மோட்டாருக்கு முழு விசை கொடுக்கும், எதிர்முனை வரை கொண்டுபோய் மோதும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சின்னப் பிள்ளை என்றால் கீழே விழும்.

மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும் இந்த மூன்று வயருக்குத்தான் நான் இருப்பதிலேயே நல்ல கனெக்டரைப் போடுவேன். ஆர்டுயினோவோடு வரும் வண்ண வண்ண ஜம்பர் வயர் மேஜையில் சோதித்துப் பார்க்க மட்டும். ஆடும் பொருளில் அது ஒரு நாள் தாங்காது. அதற்குப் பதிலாக ஜிஎக்ஸ்-12 அல்லது ஜிஎக்ஸ்-16 என்று கிடைக்கும், செருகியபின் வளையத்தைத் திருகிப் பூட்டும் உலோகக் கனெக்டரைப் போடுங்கள். ஏவியேஷன் கனெக்டர் என்று கேட்டாலும் தருவார்கள். இடது, வலது பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு ஊசி எண்ணிக்கை உள்ளதை வாங்கினால், இடதை வலதில் செருகும் தவறு நடக்கவே நடக்காது. ஆர்டுயினோ பக்கம், திருகு முனை வைத்த விரிவுப் பலகை ஒன்றை மேலே பொருத்திவிடுங்கள்.

இன்னொரு பாதுகாப்பு: பொட்டென்ஷியோமீட்டரின் நடு முனையிலிருந்து வரும் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே, ஆர்டுயினோவுக்குப் பக்கத்திலேயே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். நடு வயர் அறுந்தால் அளவு அங்கும் இங்கும் அலையாமல் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். 5 வோல்ட் வயர் அறுந்தாலும் அதே பூஜ்யம். கிரவுண்ட் வயர் அறுந்தால் உச்சிக்குப் போகும். பூஜ்யத்தை ஒட்டியோ உச்சியை ஒட்டியோ அளவு வந்தால் மோட்டாரை உடனே நிறுத்து என்று புரோகிராமில் எழுதிவிடலாம்.

இந்த வயருக்கு, ஷீல்டு எனப்படும் உலோக உறை உள்ளே சுற்றிய நாலு கோர் கேபிள் எடுங்கள், பருமன் கால் ஸ்கொயர் போதும். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படி 5 மில்லி வோல்ட்டுக்கும் குறைவு. பக்கத்தில் 25 ஆம்பியர் வெட்டி வெட்டி ஓடும் மோட்டார் வயர் இருந்தால் அந்தப் படிகள் நடுங்கும், இருக்கையும் சேர்ந்து நடுங்கும். ஷீல்டை ஆர்டுயினோ பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள், மறுமுனையை வெட்டி மூடிவிடுங்கள். மோட்டாரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். இரண்டு வகை வயரும் ஒன்றாகப் போகக்கூடாது. கடக்க வேண்டியிருந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

மைனஸ் கழன்றால்

இதை எல்லாரும் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள், நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். டிரைவர் போர்டுக்கு வரும் தடித்த மைனஸ் வயர் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நின்றுவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் போர்டின் மைனஸ், ஆர்டுயினோவுக்குப் போகும் மெல்லிய கிரவுண்ட் வயரோடு உள்ளே சேர்ந்தே இருக்கிறது. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போவதுபோல, மோட்டாரின் கரண்ட் முழுதும் அந்த மெல்லிய வயருக்குள் இறங்கும். அங்கிருந்து ஆர்டுயினோ, வழி கிடைத்தால் யூஎஸ்பி கேபிள், கம்ப்யூட்டர் வரை. எங்கள் முதல் இருக்கையில் பச்சை ஜம்பர் வயரின் உறை குமிழ்விட்டுக் கருகியது. கம்ப்யூட்டர் தப்பித்தது, ஆர்டுயினோ தப்பவில்லை.

ஆகவே மைனஸ் இணைப்புக்கு ரிங் லக்கோடு ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு மூன்று பிளஸ் முனை, இரண்டு மூன்று மைனஸ் முனை இருக்கும். ஒவ்வொரு டிரைவர் போர்டுக்கும் அங்கிருந்தே தனித்தனி ஜோடி வயர் போகட்டும். ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குத் தொங்கல் போடாதீர்கள். யூஎஸ்பி கேபிளின் நடுவில் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியைப் போட்டால் கம்ப்யூட்டர் முழுதாகப் பிரிந்து நிற்கும். நான் அதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

ஃபியூஸும் நிறுத்தும் ஸ்விட்சும்

ஃபியூஸ் காப்பது வயரை. அதனால் எஸ்எம்பிஎஸ் முனையை ஒட்டியே, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒன்றாக, காரில் போடும் பிளேடு ஃபியூஸ் வையுங்கள். நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. ஒரு நொடி மட்டும் எகிறும் கரண்டை அது பொறுத்துக்கொள்ளும் என்பதால் 15இல் தொடங்கலாம். சாதாரண ஓட்டத்திலேயே போனால் 20. அதுவும் போனால் ஃபியூஸை ஏற்றாமல், இருக்கையின் எடை ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். வீட்டு எம்சிபியை (தானே விழும் டிரிப் ஸ்விட்சை) டிசி பக்கம் போடுவதும் தவறு. நம் ஏசி ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டிசியில் அந்த வசதி இல்லை.

சிவப்புக் காளான் தலை ஸ்விட்ச் கட்டாயம். ஆனால் மோட்டார் கரண்டை நேராக அதன் வழியே விடாதீர்கள், அதன் தொடுமுனைகள் அதற்குச் செய்ததல்ல. இரண்டு மோட்டாரின் பிளஸ் வழியிலும் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே, காரில் போடும் 12 வோல்ட் 40 ஆம்பியர் வகை, ஒவ்வொன்று வைத்து, அந்த ரிலேக்களின் காயிலுக்குப் போகும் வயரை மட்டும் ஸ்விட்ச் வழியே கொண்டுபோங்கள். அழுத்தினால் காயிலுக்கு மின்சாரம் போகாது, ரிலே விட்டுவிடும். இந்த வயர் எங்கே அறுந்தாலும், எந்தக் கனெக்டர் கழன்றாலும் இருக்கை நிற்கும். நம் கேள்விக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பதில் இதுதான். ஸ்விட்ச் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும் இடத்தில் ஒன்று, பக்கத்தில் நிற்பவருக்கு எட்டும் இடத்தில் ஒன்று. இரண்டையும் தொடராக இணையுங்கள்.

பழைய வீட்டின் லைன்

செட்டிநாட்டு வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாலையிலோ இரண்டாம் கட்டிலோ தாராளமாக வைக்கலாம். ஆனால் பல வீடுகளில் இன்னும் மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங் இருக்கிறது. உறை வறண்டு, தொட்டால் உதிரும். மூன்று ஓட்டை பிளக் இருந்தாலும் பின்னால் எர்த்து வயர் வந்திருக்காது. 12 வோல்ட் 50 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 230 வோல்ட் பக்கம் சில ஆம்பியர்தான் எடுக்கும், எண்ணிக்கையில் அது பெரிதல்ல. எர்த்து இல்லாததுதான் பிரச்சினை. எஸ்எம்பிஎஸ் உடம்பில் கசிவு வந்தால் சட்டம் முழுக்க ஷாக் அடிக்கும், அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

மீட்டர் போர்டிலிருந்து எர்த்தோடு சேர்த்து மூன்று வயர் கொண்ட புது லைனை இழுத்து, கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டுக்கொள்ளுங்கள். இது எலக்ட்ரீசியன் செய்ய வேண்டிய வேலை, நீங்களே இறங்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் சுவரைக் காடி எடுக்கத் தயாரானபோது அப்பத்தா குறுக்கே நின்றுவிட்டார்கள். “அந்தச் சுண்ணாம்புப் பூச்ச இனிமே யாரு பூசித் தருவா? வேற வழி பாருப்பா.” அவர்கள் சொன்னது சரி. அந்த மெருகைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கதவு நிலையின் ஓரமாகப் பிவிசி சேனலில் லைனைக் கொண்டுபோனோம். சட்டத்தின் கால்களுக்கு ரப்பர் பட்டை போட்டதால் ஆத்தங்குடிக் கல்லிலும் கீறல் விழவில்லை.

இருக்கையின் இரும்புச் சட்டத்தையும், எஸ்எம்பிஎஸ் உடம்பையும் பச்சை வயரால் எர்த்தில் சேருங்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ரிங் லக்கை முறுக்கினால்தான் அது இணைப்பு. முற்றம் உள்ள வீட்டில் அணிலும் எலியும் வரும். வயரைக் கடித்துவைப்பது அவற்றுக்குப் பிடித்த வேலை. தரையோடு போகும் வயரையாவது வளையும் குழாய்க்குள் விடுங்கள்.

கட்டும் முறை

மோட்டாரைத் தரையோடு நிற்கும் அடிச்சட்டத்தில் வைத்தால் தடித்த வயர் எதுவும் மடங்க வேண்டியதில்லை. ஆடும் பகுதிக்குப் போவது ஸ்டியரிங், பெடல் இவற்றின் கேபிள் மட்டும் என்று இருக்கட்டும். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது.

மின்சாரம் இல்லாத நிலையில், மோட்டாரையும் இருக்கையையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டு, இருக்கையைக் கையால் நாலு மூலைக்கும் கடைசி வரை சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு வயரும் எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். ஆடும் மையத்துக்கு இரண்டு பக்கமும் கேபிள் டையால் கட்டி, நடுவில் கை அகல வளையம் தொங்கவிடுங்கள். கனெக்டருக்கு நாலு விரல் தள்ளி வயரைச் சட்டத்தோடு கட்டினால், இழுப்பு எல்லாம் அந்தக் கட்டில் நின்றுவிடும், கனெக்டருக்குப் போகாது. டையை வயர் நசுங்கும்படி இறுக்காதீர்கள்.

முதல் ஓட்டம் ஆள் இல்லாமல், அரிசி மூட்டையை இருக்கையில் கட்டிவைத்து. பத்து நிமிடம் ஓட்டி, மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொடுங்கள். வயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் அந்த இணைப்பு சரியில்லை. பிரித்து மறுபடி செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் எல்லாத் திருகையும் மீண்டும் இறுக்குங்கள், முதல் தடவை எல்லாமே கொஞ்சம் இறங்கும்.

இறுக்கி முடித்ததும் திருகின் தலையிலிருந்து பக்கத்துப் பலகை வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். எங்கள் இருக்கையில் அக்காவின் சிவப்பு நகப்பூச்சு இருபத்திரண்டு இடத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்போம். கோடு நேராக இருந்தால் ஓட்டுவோம், ஒரு கோடு விலகியிருந்தாலும் அன்றைக்கு முதலில் அந்தத் திருகு.